தோல்ஷாப்புக் கிணற்றுத் தண்ணீர்

என் சமையலறை அலமாரியின் மேல் தட்டில், பெருங்காய டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கொட்டாங்குச்சி கவிழ்ந்து கிடக்கிறது. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. உள்ளும் புறமும் வழவழவென்று தேய்ந்துபோய், விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் உதடு பட்டுப் பட்டு லேசாக உள்வாங்கியிருக்கும். வீட்டு வேலைக்கு வருகிற பெண் ஒரு முறை இதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். நான் பதறிப்போய் எடுத்துக் கழுவியதைப் பார்த்து, இதைப் போய் யாராவது வைத்திருப்பார்களா என்று கேட்டாள். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகன், அது அம்மாவின் சொத்து, தொடாதே என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்கும் முழுக்கதை தெரியாது. சொல்ல ஆரம்பித்தால் செல்போனை எடுத்துக்கொள்வான். எனக்கும் அலுத்துவிட்டது. இந்த வயதில் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது? எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

இது என் மாமனாருடையது. காவேரிப்பட்டினத்துக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் ஓர் ஊர். பேர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. ஊரின் ஓரத்தில், ஆறு வளைகிற இடத்தில், ஒரு தோல்ஷாப்பு இருந்தது. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கும். உப்பை உதறி, ஊறப் போட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் கழித்து, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் பதம் பண்ணி மெட்ராசுக்கு அனுப்புவார்கள். என் மாமனார் அங்கே மேஸ்திரி. சுற்றுச்சுவரை ஒட்டி, ஷாப்புக்குள்ளேயே வரிசையாக ஓட்டு வீடுகள். லைன் வீடு என்போம். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் எங்களைப் போல வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளெல்லாம் தொட்டி. நான் ஓசூரை ஒட்டிய மத்திகிரியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். மூன்று பாஷையிலும் அந்த நாற்றத்துக்குச் சரியான சொல் கிடையாது. வந்த புதிதில் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டே சமைத்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். பெங்களூர் லோடு கிடைத்தால் ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் மாமனாரும்தான்.

பட்டைத் தண்ணீர் பதத்துக்கு வந்ததா என்று பார்க்க அந்தக் காலத்தில் ஒரே வழிதான். வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். விடிந்ததும் மாமனார் இந்தக் கொட்டாங்குச்சியோடு தொட்டி தொட்டியாகப் போவார். மொண்டு இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு, ஒரு மடக்கு வாயில் வாங்கிக் கண்ணை மூடுவார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு துப்பிவிட்டு, இன்னும் பட்டை போடு என்பார், அல்லது தோலை இறக்கு என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மெட்ராசிலிருந்து வியாபாரிகள் வந்தால் முதலாளி இவரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் ருசி பார்க்கச் சொல்லிக் காட்டுவார். மேஸ்திரி நாக்கு என்றால் ஊருக்குள்ளும் தெரியும். "என் நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்று என்னிடம் அடிக்கடி சொல்லுவார். அவருக்கு வாய்த்த பெருமை அது ஒன்றுதான். அதே ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். நாக்குக்கு மரியாதை, வாய்க்கு இல்லை. அதையெல்லாம் அவர் பேசவே மாட்டார். பேசுகிற ஆள் நான்தான், அதுவும் இப்போதுதான்.

சாப்பாட்டில் குறை சொல்லாத மாமனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று லைனில் பெண்கள் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். உண்மைதான். ஒரு நாள் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். மாமனார் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். இன்னொரு நாள் கை தவறி இரண்டு மடங்கு போட்டுவிட்டேன். அன்றைக்கும் அப்படியேதான் சாப்பிட்டார். தாயில்லாத வீட்டுக்கு வந்த பெண், மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று நான் உருகிப் போனேன். கோயிலில் அவருக்காக மெழுகுவர்த்தி கூட ஏற்றினேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

அறுபதுகளின் கடைசியில் முதலாளி இறந்துபோனார். பிள்ளைகளுக்குத் தோல் வாசனை ஆகவில்லை. ஷாப்பை மூடி, இடத்தை அப்பா பேரில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்லது செய்தார்களா, நாறிப்போன இடத்தைத் தலைமுழுகினார்களா என்று எனக்குத் தெரியாது. லைனில் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக வாணியம்பாடிப் பக்கம் வேலை தேடிப் போனார்கள். கிருஷ்ணகிரி அணைக்கட்டுப் பூங்காவுக்கு ஜனங்கள் கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாகப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. நம் ஊர் ஆற்றங்கரையிலும் அப்படி ஒரு பூங்கா வேண்டும் என்று பஞ்சாயத்து சேர்மனுக்கு ஆசை வந்துவிட்டது. சேர்மன் நிலபுலன் உள்ளவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாமனாரைக் கூப்பிட்டு அனுப்பி விஷயத்தை நேராகச் சொன்னார். தொட்டிகளை மூடி, செடி வைத்து, தை மாதம் கலெக்டர் வந்து திறக்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தால் மேஸ்திரிதான் பூங்காவுக்குக் காவல்காரர். லைன் வீட்டில் இருந்துகொள்ளலாம். செடி பிடிக்கவில்லை என்றால் தருமபுரியிலிருந்து காண்டிராக்டர் வருவார். முதல் வேலையாக லைனை இடிப்பார். எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அந்த வீட்டை விட்டால் எங்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. மாமனார் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

தோல்ஷாப்பைப் பூங்கா ஆக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. தொட்டிகளை உடைத்து நிரப்ப வேண்டும். நிரப்ப மண் வேண்டும். ஆற்றிலிருந்து மாட்டு வண்டியில் வண்டல் அடித்தார்கள். கிளறக் கிளற மயிரும் கொம்பும் சுண்ணாம்புக் கட்டியும் வந்துகொண்டே இருந்தன. ஷாப்பில் மிஞ்சியிருந்த கிழவர்கள் சிலர் கூலிக்கு வந்தார்கள். காலமெல்லாம் தாங்கள் இறங்கி நின்ற தொட்டியை மண் போட்டு மூடுவதற்கு அவர்களுக்குக் கை வரவில்லை. ஆனால் மூடினால்தான் கூலி. மாமனார் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்து சுவரில் சாய்ந்தால், கஞ்சி ஊற்றி வைப்பதற்குள் தூங்கிப் போயிருப்பார். மழைக்கு முன்னால் கன்றுகள் வந்து இறங்கின. புங்கை, வேம்பு, தூங்குமூஞ்சி, ஓரமாக அரளி. ஒவ்வொரு குழியிலும் அவரே கன்றை வைத்து மண்ணைக் காலால் மிதித்துவிட்டார்.

தண்ணீருக்கு ஷாப்புக் கிணறு இருந்தது. தொட்டி வேலைக்கென்றே வெட்டிய கிணறு. லைன் பெண்கள் யாரும் அதில் மொண்டதில்லை. கூப்பிடு தூரத்தில் ஆறு இருக்கும்போது எதற்கு? மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிந்த தண்ணீரை மொண்டு வருவோம். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மூடிக் கிடந்த கிணற்றை மாமனார் ஆள் வைத்துத் தூர் வாரினார். புது ஊற்று கிளம்பித் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அன்றைக்கு சேர்மனும் வந்தார், கூட ஓவர்சியர் ஒருவரும். தண்ணீரைச் சேலத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாமே என்று ஓவர்சியர் இழுத்தார். மேஸ்திரி நாக்கு இருக்கும்போது சேலம் எதற்கு என்றார் சேர்மன். மாமனார் கொட்டாங்குச்சியில் மொண்டார், சிலுவை போட்டார், கண்ணை மூடினார். வழக்கமாகத் துப்புகிறவர் அன்றைக்கு விழுங்கினார். "எளநி மாதிரி இருக்குதுங்கய்யா" என்றார். சேர்மனுக்கு வாயெல்லாம் பல். அப்படியானால் செடிக்கு மட்டும் ஏன், பூங்காவுக்கு வருகிற பிள்ளைகள் குடிக்க ஒரு தொட்டி கட்டிக் குழாயும் வைத்துவிடலாம், முதலாளி பேரைக் கல்லில் பொறித்துவிடலாம் என்று அங்கேயே முடிவு பண்ணினார். ஒரு வாய் நீங்களும் குடித்துப் பாருங்கள் என்று மாமனார் கொட்டாங்குச்சியை நீட்டினார். சேர்மன், இருக்கட்டும் இருக்கட்டும் என்றார். ஓவர்சியர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தனார் வந்தார், தொட்டி எழும்பியது, அவரும் தன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்துதான் குடித்தார். தோல்ஷாப்புத் தண்ணீரை வாயில் வைக்க ஊரில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து மாமனார் ஒருவர் நாக்குதான் சாட்சி.

செடிகள் முதலில் துளிர்த்தன. பிறகு இலை ஓரங்கள் தீய்ந்தது போலக் காய ஆரம்பித்தன. மாமனார் தண்ணீர் போதவில்லை என்று நினைத்தார். காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினார். ஊற்ற ஊற்றக் காய்ந்தன. மாட்டுச் சாணம் போட்டார், வேப்பம்புண்ணாக்கு போட்டார், பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் கூடத் தெளித்தார். சேர்மன் சைக்கிளில் வந்து கேட்டருகே நின்று பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும், காண்டிராக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மாமனார் சாப்பிடவில்லை. நான் வயிற்றைத் தடவிக்கொண்டு கூரை ஓட்டைப் பார்த்தபடி படுத்திருந்தேன். இந்த ஓடு இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

ஐப்பசி மழையில் அணையின் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். ஆறு செக்கச்செவேலென்று வந்து எங்கள் ஊற்றுக் குழியை மூடிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊர்க் கிணற்றில் எங்களை விடமாட்டார்கள். மாமனார்தான் இளநீர் மாதிரி இருக்கிறது என்றாரே என்று ஷாப்புக் கிணற்றில் ஒரு குடம் மொண்டு வந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். மாமனார் குடித்தார். பாதியில் நிறுத்தி, "உப்புக் கம்மியா இருக்குதும்மா" என்று சொல்லி, ஜாடியில் கை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் போனபிறகு நான் என் பங்கை வாயில் வைத்தேன். ஒரு வாய் விழுங்குவதே பெரும்பாடாகிவிட்டது, அவ்வளவு உப்பு. உப்பு நான் போடவே இல்லை; போட மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜாடிப் பக்கம் நான் போகாததைப் பார்த்துத்தான் அவர் கம்மி என்றிருக்க வேண்டும். குடத்துத் தண்ணீரை அப்படியே கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தேன். கரித்தது. உப்புக் கரிப்புக்கு அடியில் வேறு என்னவோ ஒரு கசப்பு. சாயங்காலத்துக்குள் எங்கள் இருவருக்கும் வயிறு புரட்டியது. ஆற்றுச் செந்தண்ணீரைத் தெளிய வைத்து வெந்நீர் போட்டுக் கொடுத்தபடியே, அந்த உப்பில்லாத குழம்பையும் உப்பு அதிகமான குழம்பையும் நினைத்துக்கொண்டேன். என்மேல் இருந்த பிரியமெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குச் சிரிப்பு கூட வந்தது.

வெள்ளம் வடிந்து மணலில் ஊற்று தெளியும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு மத்தியானம், ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். ஒன்று ஊற்றுத் தண்ணீர், ஒன்று கிணற்றுத் தண்ணீர், எது எதென்று சொல்லுங்கள் மாமா என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. மறுபடி முதலாவது. சிரிப்பு நின்றுபோய் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடி வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். கடைசியில் கிணற்றுத் தண்ணீர் இருந்த டம்ளரைத் தொட்டு, "இதுதான் ஊத்துத் தண்ணி. தெளிவா இருக்குது" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, மாத்திச் சொல்லிட்டனா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பை ஊதுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க எத்தனை தொட்டிப் பட்டைச் சாற்றை அந்த நாக்கு வாங்கியிருக்கும். துவர்ப்பே அதைத் தின்றிருக்கிறது. எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ஷாப்பு ஓடிய கடைசி வருஷங்களில் நிறத்தையும் நாற்றத்தையும் வைத்துப் பழக்கத்தில் சொல்லிவந்திருப்பார்; அது சரியாகவும் இருந்திருக்கும். கிணற்றுத் தண்ணீருக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

சாயங்காலம் அவரே பேச்சை எடுத்தார். சேர்மனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் சொல்லாதீர்கள், நாளையிலிருந்து செடிக்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்றுவோம், நானும் குடம் தூக்குகிறேன், செடி பிழைத்துவிடும், வீடும் தங்கும், யாருக்குத் தெரியப் போகிறது என்று மன்றாடினேன். காலில் விழாத குறை. வாசலில் கட்டி முடித்திருந்த குழாய்த் தொட்டியைப் பார்த்தபடியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "செடிக்கு மாத்திடலாம்மா. கொழாயில புள்ளைங்க குடிக்குமே" என்றார். கரித்தால் துப்பிவிட்டுப் போகிறார்கள் என்றேன் நான். அவர் அதற்கு, விளையாடிவிட்டுத் தாகத்தில் வருகிற பிள்ளை எங்கே துப்பும், சுண்ணாம்போடு சேர்த்து எத்தனை பாஷாணம் கலக்கியிருக்கிறோம், அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்றார். எனக்கும் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. எழுந்துபோய் அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சேர்மனிடம் தன் நாக்கு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத் தெருக்கோடியில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் போனாராம். சேர்மன் முதலில் நம்பவில்லை. பிறகு கோபத்தில் தெலுங்குக்கு மாறிவிட்டார். கலெக்டருக்குத் தேதி சொல்லியாயிற்று, கல் பொறித்தாயிற்று, குழாய் வைத்தாயிற்று. இப்போது போய் அந்தக் கிணறு ஆகாது என்றால் ஊர் சிரிக்கும். விழா முடியும்வரை வாயைத் திறக்காதே, அப்புறம் சோதித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று இவர் மறுபடியும் கெஞ்சியிருக்கிறார். சேர்மன் எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழைய ஷெட்டைத் திறந்தார். மீந்துபோன சுண்ணாம்பு அங்கே குவியலாகக் கிடந்தது. தண்ணீர் சுத்தமாகக் கிணற்றுக்கு ஒரு கூடை சுண்ணாம்பு போடுவது வழக்கந்தான். அவர் குவியலையே கூடை கூடையாகத் தலையில் சுமந்துபோய்க் கொட்டினார். நல்ல வெயில். கொத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டைத் தாண்டிப் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மறைத்துச் செய்யவில்லை. கடைசிக் கூடை போனபோது கிணறு பால் மாதிரி வெளுத்திருந்தது. கொத்தனார் ஓடிப்போய்ச் சொல்லி சேர்மன் வந்தார், பின்னால் பாதி ஊர் வந்தது. தலையிலும் தோளிலும் சுண்ணாம்பு வழிய நின்ற மாமனார், "இனிமே இத யாரும் குடிக்க மாட்டாங்கய்யா" என்று மட்டும் சொன்னார். சேர்மன் கிணற்றைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். காவல் வேலை கிடைக்காது என்று தெரிந்துபோன வயிற்றெரிச்சலில் நல்ல தண்ணீர்க் கிணற்றைக் கெடுத்துவிட்டான் என்று கூட்டத்திடம் சொன்னார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன் என்று மேலே எழுதினேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் அவர் கெட்டவர்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் லைனை இடித்தார்கள். லோடு முடித்து வந்த என் வீட்டுக்காரர் சேர்மன் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்கிறேன் என்று குதித்தார். மாமனார் விடவில்லை. உண்மையை ஊரில் நாலு பேரிடமாவது சொல்லலாமே என்று நானும் கேட்டேன். "ஒருத்தர்கிட்ட சொல்றதுக்கே உசுரு போயிருச்சும்மா" என்றார். எனக்குப் புரிந்தது, ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. தன்னைக் கெட்டவன் என்று ஊர் சொல்லலாம், நாக்கு செத்தவன் என்று சொல்லக் கூடாது. அப்படி ஒரு வீம்பு. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது கொட்டாங்குச்சி கிணற்றுக் கட்டையின் மேலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். காண்டிராக்டர் வந்து, ஆற்றில் ஆயில் எஞ்சின் வைத்துச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார், கிணறுதான் கெட்டுவிட்டதே. செடிகள் பிழைத்துக்கொண்டன.

மத்திகிரியில் என் பிறந்த வீட்டுப் பக்கம் வந்து ஒண்டினோம். மாமனார் மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கப் போனார். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார், பூசைக்குப் போனார், மற்றபடி அதிகம் பேசுவதில்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. தட்டில் சோறு போட்டதும் கையை வைக்காமல் என்னைப் பார்ப்பார். உப்பு இருக்கிறதா அம்மா என்பார். நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, இருக்கிறது மாமா என்பேன். அதற்குப் பிறகுதான் சாப்பிடுவார். எனக்கு எரிச்சலாக வரும் நாட்களும் உண்டு. உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, உங்களுக்குத் தெரியவா போகிறது என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. சாகும்வரை அப்படித்தான் சாப்பிட்டார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். கல்யாணப் பூசைக்கு நேரமிருந்ததால் மகனைக் காரை நிறுத்தச் சொல்லிப் பூங்காவுக்குள் போனேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். புங்கைகள் வேர் புடைத்து ஓங்கி நிற்கின்றன. தூங்குமூஞ்சி ஆற்றுக்கு மேலேயே சாய்ந்திருக்கிறது. அதன் நிழலில் குழந்தைகளுக்குச் சறுக்குமரம், நடைபயில்கிறவர்களுக்குக் கல் பாவிய பாதை, வாசல் வளைவில் முதலாளி பேர். ஆற்றில்தான் தண்ணீர் இல்லை, நுரை நின்றது. கிணற்றுக்கு இரும்புக் கம்பி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் குப்பை. எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தேன். அப்பாடா என்று இருந்தது.

நடந்து களைத்த ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ, கையில் தண்ணீர் பாட்டில். வெளியூரா என்று அன்பாக விசாரித்தார். நான் கிணற்றையே பார்ப்பதைக் கவனித்து அவராகவே சொன்னார்: "அந்தக் காலத்துல ரொம்ப நல்ல தண்ணிங்க அது. எளநி மாதிரி இருக்குமாம். எவனோ ஒரு மேஸ்திரி, பொறாமைல சுண்ணாம்பக் கொட்டிக் கெடுத்துட்டானாம்."

இளநீர் மாதிரி என்று அந்தத் தண்ணீரைச் சொன்னவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பேச்சை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவரைத்தான் நம்பவில்லை. சண்டை போடும் தெம்பெல்லாம் எனக்கில்லை. மெதுவாகத்தான் சொன்னேன், அது உப்புத் தண்ணீர் என்று. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார். "நான் குடிச்சிருக்கேங்க" என்றேன்.

"தோல்ஷாப்புக் கெணத்துத் தண்ணியவா?"

கேட்டபடியே, எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சின் மேல் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்தார். பிறகு, நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார். மகன் ஹாரன் அடித்தான். கோயில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது.

ஓசூர் வீட்டுக்குத் திரும்பியதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்க் கொட்டாங்குச்சியை இறக்கினேன். குழாயைத் திறந்து பிடித்து, அந்தக் குழிந்த விளிம்பிலேயே உதட்டை வைத்து ஒரு மடக்குக் குடித்தேன். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கரிக்கும். உப்பு இருக்குது மாமா என்று வாய்விட்டுச் சொன்னேன். கழுவித் துடைத்து, பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.